சிதறல் விளக்கப்படத்தை விவரிப்பது எப்படி?

சிதறல் விளக்கப்படம் ஒன்றைக் கொடுத்து "விவரி" என்று கேட்டால், "நேரிடை ஒட்டுறவு" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடும் மாணவர்கள் அதிகம். படத்தில் அதைவிட நிறைய இருக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் அவ்வப்போது பீறிட்டெழும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றை எடுத்துக்கொள்வோம். 272 பீறிடல்களின் விவரம் 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருளோடு இலவசமாகவே வருகிறது. நீங்களும் வரைந்து பார்க்கலாம்.

முதலில் அச்சுகளைப் படியுங்கள். கிடை அச்சில், ஊற்று எத்தனை நிமிடம் பீறிட்டது என்பது. செங்குத்து அச்சில், அடுத்த பீறிடலுக்கு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது. ஒரு புள்ளி ஒரு பீறிடல். அலகுகளையும் சேர்த்து இதை முதலில் எழுதிவிடுங்கள்.

அடுத்து திசை. புள்ளிகள் இடமிருந்து வலமாக ஏறுகின்றன, ஆகவே நேரிடை. இறங்கினால் எதிரிடை.

மூன்றாவது வடிவம். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். போக்கு நேர்கோடா, வளைவா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். புள்ளிகள் எங்கே நெருங்கியிருக்கின்றன, எங்கே புள்ளியில்லாத வெளி இருக்கிறது என்றும் பாருங்கள். இந்தப் படத்தில் இரண்டு திரள்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. ஒன்று, சுமார் 2 நிமிடம் பீறிட்டு 55 நிமிடம் போல ஓய்பவை. மற்றது, நான்கரை நிமிடத்தை ஒட்டிப் பீறிட்டு 80 நிமிடம் போல ஓய்பவை. 3 நிமிடத்தை ஒட்டிப் புள்ளிகள் மிகக் குறைவு. ஊற்றுக்கு இரண்டு வகை நடத்தை உண்டு என்பதே இந்தப் படம் தரும் முதன்மையான செய்தி. "நேரிடை ஒட்டுறவு" என்று மட்டும் எழுதியவரின் விடையில் அது இருக்காது.

பிறகு வலிமை. மொத்தப் புள்ளிகளுக்கும் ஒட்டுறவுக் கெழு சுமார் 0.90. வலுவான உறவுதான். ஆனால் திரள்களைத் தனித்தனியே எடுத்துக் கணக்கிட்டால் கெழு 0.4 அளவுக்குக்கூட வருவதில்லை. அந்த 0.90-இல் பெரும்பங்கு இரண்டு திரள்களுக்கு இடையிலான தூரத்தால் வந்தது. படத்தைப் பார்க்காமல் எண்ணை நம்பக் கூடாது என்பதற்கு 1973-இல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் நான்கு தரவுத்தொகுதிகளை உருவாக்கிக் காட்டினார். நான்கிலும் கெழு 0.816, படங்களோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. அவற்றில் ஒன்றில், விலகி நிற்கும் ஒற்றைப் புள்ளிதான் பொருத்தும் கோட்டையே தன் பக்கம் இழுத்துவிடுகிறது. அப்படி எதுவும் உங்கள் படத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அழிக்காதீர்கள், எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள்.

இப்போது விடையைச் சேர்த்து எழுதலாம்: "ஊற்று நீண்ட நேரம் பீறிட்டால், அடுத்த பீறிடலுக்குப் பொதுவாக அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. உறவு நேரிடையானது, ஏறத்தாழ நேர்கோட்டுப் போக்குடையது, வலுவானது. புள்ளிகள் இரு திரள்களாகப் பிரிகின்றன; திரள்களுக்குள் உறவு பலவீனம்." "பொதுவாக" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு புள்ளியும் போக்குக்குக் கட்டுப்படுவதில்லை.

காரணம் என்ன என்பதைப் படம் சொல்லாது. நீண்ட பீறிடலில் நீரும் வெப்பமும் அதிகம் வெளியேறுவதால் மீண்டும் நிரம்பிச் சூடேற நேரமாகிறது என்ற விளக்கம் நிலவியலிலிருந்து வருவது.

கணிக்கும்போதும் எல்லை உண்டு. ஊற்றின் புள்ளிகளுக்குப் பொருத்திய கோட்டின்படி காத்திருப்பு, பீறிடும் நிமிடங்களை 10.7-ஆல் பெருக்கி 33.5 கூட்டியது. 4 நிமிடத்துக்கு 76 வரும், நம்பலாம். 10 நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டும். ஆனால் தரவில் மிக நீண்ட பீறிடலே 5.1 நிமிடம்தான், அதற்கு அப்பால் கோட்டை நீட்ட இந்தப் படத்தில் எந்த ஆதாரமும் இல்லை.