பழைய டஃப்புக்கைத் தேற்றுவதா, மாடல் மாற்றுவதா?

வெயிலிலும் புழுதியிலும் வேலை செய்பவர்களுக்கென்றே சில கம்பெனிகள் தனியாக லேப்டாப் செய்கின்றன. பானாசோனிக்கின் டஃப்புக், டெல்லின் லாட்டிட்யூட் ரக்கட், கெட்டாக் ஆகியவை அவற்றில் பெயர் பெற்றவை. புதிதாக வாங்க நிறையப் பணம் வேண்டும். அதனால் காற்றாலை டெக்னீஷியன், சர்வேயர், லாரி மெக்கானிக் என்று பலரும் செகண்ட் ஹேண்டில்தான் தேடுகிறார்கள். பழைய மெஷின்களுக்கு இன்னொரு கவர்ச்சியும் உண்டு. இயந்திரங்களின் கன்ட்ரோலரோடு பேசும் சீரியல் போர்ட் அவற்றின் உடம்பிலேயே இருக்கும். யுஎஸ்பி கன்வர்ட்டரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

வாங்கி ஒன்றிரண்டு வருடம் போனதும் கேள்வி வருகிறது. ராமும் எஸ்எஸ்டியும் போட்டுப் பழசையே தேற்றுவதா, அடுத்த தலைமுறைக்கு மாறுவதா? எந்த வேலையை நாமே செய்யலாம், எதைக் கடையில் கொடுக்க வேண்டும்?

இதற்கெல்லாம் நான் முதலில் பார்ப்பது மூடிகளின் ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டையை. ஐபி65 என்று எழுதியிருந்தால் முதல் எண் தூசியையும் இரண்டாவது எண் தண்ணீரையும் குறிக்கும். 6 என்றால் தூசி உள்ளே வரவே வராது. 5 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினாலும் தாங்கும். ஐபி52 என்றால் கொஞ்சம் தூசி புகலாம், ஆனால் மெஷின் கெடாது. தண்ணீரைப் பொறுத்தவரை மேலிருந்து விழும் சொட்டுகளை மட்டும் தாங்கும். இரண்டையும் கடைக்காரர் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்றே சொல்வார். மில்-எஸ்டிடி-810ஜி என்ற அமெரிக்க ராணுவச் சோதனையில் மெஷினை 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை கீழே போடுகிறார்கள். அந்த 26-ஐயும் ஐந்து மெஷின்கள் வரை பங்கு போட்டுக்கொள்ள அந்தச் சோதனை விதியே இடம் தருகிறது.

இவை எல்லாம் ஃபேக்டரியில் மூடிய மெஷினுக்கான மதிப்பெண்கள். நீங்கள் ஒருமுறை உடலைப் பிரித்து, பழைய பட்டையை அப்படியே வைத்து மூடினால் ஐபி65 ஸ்டிக்கரில் மட்டும்தான் மிஞ்சும். ஆகவே என் கணக்கு எளிது. தனிக் கதவோ தனி மூடியோ உள்ள பேட்டரி, டிஸ்க், ராம் மூன்றையும் நீங்களே மாற்றலாம். உடலையே பிரிக்க வேண்டிய கீபோர்டு, டிஸ்ப்ளே, மதர்போர்டு வேலைகளுக்குப் புதுப் பட்டையும் ஒட்டுநாடாவும் கைக்கு வந்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டும்.

முதல் வழி, பழசைத் தேற்றுவது. பானாசோனிக் சிஎஃப்-31-ஐயே எடுத்துக்கொள்வோம். 2010-ல் வந்தது; அமெரிக்கப் போலீஸ் வண்டிகளில் நிறைய ஓடியது. ஒரே பெயரில் ஐந்து தலைமுறை உண்டு. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே வேறு வேறு. ப்ராசஸரைப் பாருங்கள்: ஐ5-540எம் என்றால் முதல் தலைமுறை, ஐ5-5300யூ என்றால் கடைசி. இதைப் பார்க்காமல் ராம் வாங்கக் கூடாது. முதலாவதற்கு 1.5 வோல்ட் டிடிஆர்3 பொருந்தும். கடைசியானதற்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல்தான் வேண்டும். ஸ்லாட்டில் இரண்டுமே உட்கார்ந்துவிடும் என்பதால் ஏமாறுவது சுலபம்.

டிஸ்க் மாற்றுவதுதான் இந்த மெஷினுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம். பக்கவாட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளினால் டிஸ்க் தன் கூட்டோடு வெளியே வரும். கூட்டைப் பிரித்தால் அதிர்வு தாங்கும் மெத்தையும், டிஸ்க்கோடு இணைந்த மெல்லிய ரிப்பன் கேபிளும் இருக்கும். சிலவற்றில் டிஸ்க்கைச் சுற்றி ஒரு ஹீட்டர் தாளும் ஒட்டியிருக்கும். உறைகுளிரில் ஹார்ட் டிஸ்க் சுழல மறுக்கும் என்பதற்காக வைத்தது அது. சாதாரண எஸ்எஸ்டிக்கு 0 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை கணக்கு. லடாக்கில் வேலை இல்லையென்றால் ஹீட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது ரிப்பன் கேபிளைப் பற்றி. அதைப் பிடித்து இழுத்தால் மடிப்பில் கிழியும். கனெக்டரின் இரு முனைகளையும் மாற்றி மாற்றி நகத்தால் நெம்பி, நேராக வெளியே எடுங்கள். புது எஸ்எஸ்டி 7 மி.மீ. கனம், பழைய டிஸ்க் 9.5 மி.மீ.; மிச்சமுள்ள இடைவெளியில் மெத்தைத் துண்டு வைக்காவிட்டால் வண்டி குலுங்கும்போது கனெக்டர்தான் அடி வாங்கும்.

ஸ்க்ரூவிலும் ஒரு விஷயம் உண்டு. ஜப்பானியக் கருவிகளில் பெரும்பாலும் ஜேஐஎஸ் தலை ஸ்க்ரூக்கள் இருக்கும். சாதாரண ஸ்டார் முனை அதில் சரியாக அமராமல் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். ஜேஐஎஸ் முனை ஒன்று தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மூடியைப் போட்டாலும் ஒரு சோதனை செய்யுங்கள். சிறு காகிதத் துண்டைப் பட்டைக்கும் உடலுக்கும் நடுவே வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் கதவைச் சோதிப்பது போலத்தான். நாலு பக்கமும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் பட்டை அங்கே தட்டையாகிவிட்டது என்று அர்த்தம்.

இவ்வளவு செய்தாலும் சிஎஃப்-31-க்கு ஒரு எல்லை இருக்கிறது. திரை 1024-க்கு 768 புள்ளிகள்தான். விண்டோஸ் 11 கேட்கும் எட்டாம் தலைமுறை ப்ராசஸர் எதிலும் கிடையாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இணையத்தில் சேராமல் ஒரே ஒரு சாஃப்ட்வேரை மட்டும் ஓட்டுபவருக்கு, அல்லது லினக்ஸ் பழகியவருக்கு, இது இன்னும் பல வருடம் உழைக்கும். ஈமெயில், பேங்க், அலுவலகக் கணக்கு என்று எல்லாவற்றையும் இதிலேயே பார்ப்பவர் எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொண்டு மாற்றத்துக்குத் தயாராவதே புத்திசாலித்தனம்.

மாறுவதானால் டெல் லாட்டிட்யூட் 5424, 7424 இரண்டையும் முதலில் பாருங்கள். எட்டாம் தலைமுறை ப்ராசஸர், டிடிஆர்4 ராமுக்கு இரண்டு ஸ்லாட், 32 ஜிபி வரை இடம், சீரியல் போர்ட், மெஷினை அணைக்காமலே ஒவ்வொன்றாக மாற்றக்கூடிய இரட்டை பேட்டரி. கழற்றும் முறையைப் படத்தோடு விளக்கும் சர்வீஸ் மேனுவலை டெல் எல்லோருக்கும் இலவசமாகவே தருகிறது. சொந்தமாக ரிப்பேர் செய்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் அடைப்பில்: 5424 ஐபி52, 7424 ஐபி65. ஆனால் இதே மாடல் பெயரில் ஆறாம் தலைமுறை ஐ5-6300யூ போட்ட மெஷின்களும் விற்றிருக்கிறார்கள். ஐ5-8350யூ அல்லது ஐ7-8650யூ என்று திரையில் பார்த்த பிறகே பேரம் பேசுங்கள்.

டஃப்புக்கிலேயே தொடர விரும்புவோருக்கு எஃப்ஜெட்-55 இருக்கிறது. 2019-ல் வந்தது, தேவையான போர்ட்டுகளைப் பெட்டி பெட்டியாகச் செருகிக்கொள்ளலாம். அடைப்பு ஐபி53தான் என்பதால் மழையில் நிற்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். கெட்டாக் பி360 ஐபி66 தரமுள்ள அருமையான மெஷின், ஆனால் உதிரி பாகம் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் என்னிடம் சமரசம் இல்லை. பழைய பேக்கைப் பிரித்து உள்ளே புதுச் செல் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். டஃப்புக் போன்ற சிலவற்றில் இருப்பது உருளை வடிவ லித்தியம் செல். தட்டைச் செல் போல ஊதிக் காட்டாது. கெட்டுவருவது கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸின் பேட்டரி அறிக்கையில் இப்போதைய கொள்ளளவு தொடக்கத்தில் இருந்ததில் பாதிக்குக் கீழே போயிருந்தால் முழு பேக்கையே மாற்றுங்கள். புது பேக்கின் உற்பத்தித் தேதியையும் பாருங்கள். அலமாரியில் சும்மா இருந்தாலும் லித்தியத்துக்கு வயதாகும்.

உடலைப் பிரிக்கும் வேலையைத் துணிந்து செய்பவர்கள் தெர்மல் பேடின் கனத்தை அளந்தே வாங்குங்கள். மூடிய உடலில் சூடு பெரும்பாலும் உலோகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். 1 மி.மீ. இருந்த இடத்தில் அரை மி.மீ. வைத்தால் பேட் உலோகத்தைத் தொடவே தொடாது.

தூசியும் தண்ணீரும் தினசரி என்றால் எட்டாம் தலைமுறை 7424. தூசி மட்டும் என்றால் 5424 போதும். ஒரே ஒரு மெஷினோடு பேச மட்டும் என்றால் கையில் இருக்கும் சிஎஃப்-31-க்கு எஸ்எஸ்டி போடுங்கள். எதை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் உங்கள் கண்முன்னால் ஆன் செய்து பயாஸுக்குள் போகச் சொல்லுங்கள். பழைய ஆபீஸ் வைத்த பாஸ்வேர்டு அங்கே இருந்தால் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலெல்லாம் போகாது. பாஸ்வேர்டு கேட்கும் மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.