கடற்கரைச் சதைப்பற்றுச் செடிகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மரக்காணம் உப்பளங்களின் வரப்புகளிலும் அனுமந்தையை ஒட்டிய உவர்நிலங்களிலும் உமரி படர்ந்திருக்க, ஊர் வேலிகளில் திருகுகள்ளியும் பிரண்டையும், வீட்டு வாசல்களில் கற்றாழையும் வளர்வதைக் காணலாம். நீர் அரிதான இடத்தில் உயிர் வாழும் பொருட்டு இலையிலும் தண்டிலும் ஈரத்தைச் சேமித்துக்கொள்ளும் இச்செடிகள், அந்த ஈரத்தை ஆடுமாடுகள் மேய்ந்துவிடாதபடி கசப்பையும் நமைச்சலையும் நஞ்சையும் காவல் வைத்திருக்கின்றன. ஆகவே இவற்றின் ஔஷத குணத்தையும் விஷ குணத்தையும் சேர்த்தே அறிந்துகொள்வது அவசியம்.

நம்பிக்கை: உமரியிலிருந்து எடுக்கும் உப்பு மூலிகை உப்பு; இரத்த அழுத்தம் உள்ளவர்களும் தாராளமாக உண்ணலாம்.

உண்மை: உமரி மண்ணிலுள்ள உப்பையே வேரால் உறிஞ்சி, உயிரணுக்களின் நுண்குமிழ்களில் அடைத்துவைக்கிறது. பவநகரிலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று உமரி இனத்திலிருந்து உப்பெடுக்கும் முறையைக் கண்டிருக்கிறது. அந்த உப்பில் பொட்டாசியம் முதலிய தாதுக்கள் கலந்திருப்பினும், பெரும்பகுதி நாம் அறிந்த சோடியம் குளோரைடுதான். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதிலும் அளவு உண்டு. சிறுநீரக நோயாளிகளுக்கோ அந்தப் பொட்டாசியமும் அபாயம்.

நம்பிக்கை: கற்றாழை முழுவதும் மருந்து, மடலை அப்படியே அரைத்துத் தினந்தோறும் குடிக்கலாம்.

உண்மை: மடலை அறுத்து நிமிர்த்தி வைத்தால், தோலின் அடியிலிருந்து மஞ்சள் நிறக் கசப்புநீர் மெல்ல வடியும். அது காய்ந்து இறுகியதுதான் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கரியபோளம். அதிலுள்ள அலோயின் கடும் பேதியை உண்டாக்கும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. நடுவிலுள்ள தெளிந்த சோற்றில் இருப்பவையோ அசிமன்னான் முதலிய கூட்டுச் சர்க்கரைகள். சோற்றை ஏழு முறை கழுவவேண்டும் என்று முன்னோர் விதித்தது இந்தக் கசப்புநீரைப் போக்குவதற்கே. மருத்துவர் சீட்டின்றி விற்கும் பேதி மருந்துகளில் கற்றாழையைச் சேர்ப்பதை அமெரிக்க அரசு 2002இல் நிறுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும், முழு இலைச் சாற்றைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது.

நம்பிக்கை: பிரண்டைத் துவையல் உண்டால் முறிந்த எலும்பு தானே கூடிவிடும்.

உண்மை: காசி இந்து சர்வகலாசாலையில் கே. என். உடுப்பாவும் ஜி. சி. பிரசாதும் 1960களில் விலங்குகளிடம் செய்த பரிசோதனைகளில், பிரண்டைச் சத்து முறிவைச் சீக்கிரம் கூட்டியது. ஆயினும் விலகிய எலும்பை நேராக்கிக் கட்டுவது மருத்துவரின் வேலையேயன்றித் துவையலின் காரியமன்று. பிரண்டையின் நமைச்சலுக்குக் காரணம் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். அதனால்தான் நாரை உரித்து, நல்லெண்ணெயில் வதக்கி, புளி கூட்டி அரைக்கிறார்கள்.

நம்பிக்கை: திருகுகள்ளிப் பால் மருவையும் பல்வலியையும் போக்கும்.

உண்மை: அப்பாலிலுள்ள டைட்டர்பீன் வகைப் பொருள்கள் தோலையும் வாயையும் புண்ணாக்கும், கண்ணில் தெறித்தால் கருவிழியையே கெடுத்துவிடும். வேலி வெட்டும்போது கண்ணில் பட்டுவிட்டால், வேறு வைத்தியம் எதுவும் செய்யாமல், நிறையத் தண்ணீரால் வெகுநேரம் கழுவிக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

செடியின் பெயரைத் தெரிந்துகொண்டது மட்டும் வைத்தியமாகாது. எந்தப் பாகம், எவ்வளவு, எவருக்கு, எத்தனை நாளைக்கு என்ற நான்கையும் தேர்ந்த சித்த மருத்துவரிடமோ பிற மருத்துவரிடமோ கேட்டறிந்த பின்னரே எதையும் வாயில் இடுங்கள்.