ரேடியேட்டர் மூடியும் வெந்த புண்ணும்

திட்டக்குடியிலிருந்து விருத்தாசலத்துக்கு நோயாளியை அழைத்துச் செல்லும் கார், கோடை வெயிலில் சூடேறி நின்றுவிட்டால், ரேடியேட்டர் மூடியை உடனே திறக்க வேண்டா. அழுத்தத்தில் அடைபட்ட கூலன்ட், 100 டிகிரி செல்சியசைக் கடந்தும் கொதியாதிருக்கும்; மூடி தளர்ந்ததும் பொங்கிச் சீறி முகத்தையும் கண்களையும் வேகச் செய்யும். எஞ்சின் முற்றிலும் ஆறிய பின்னரே, பக்கத்திலுள்ள சிறு தொட்டியின் இரு கோடுகளுக்கிடையே கூலன்ட் நிற்கிறதா எனப் பார்த்து நிரப்புதல் வேண்டும்.

உடல் வெந்துவிட்டால், 20 நிமிடம் குழாய்நீரில் காட்டுங்கள்; பற்பசையோ மையோ தடவாதீர்கள். கண்ணில் பட்டால் நீரால் கழுவியவாறே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

பெரும்பாலான கூலன்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால், இனிப்புச் சுவையுடைய நஞ்சு. சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்வது. எஞ்சியதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கலாகாது. குழந்தை அருந்திவிட்டால், வாந்தி எடுக்கச் செய்யாமல், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், 108-ஐ அழையுங்கள். அந்த டப்பாவையும் உடன் கொண்டுவர வேண்டுகிறோம். காலம் தாழ்த்தாது வந்தால் மாற்று மருந்தளித்துச் சிறுநீரகங்களைக் காக்க எங்களால் இயலும்.