நிழற்பிரதி இயந்திரமும் தொடக்கப் பழுதுகளும்

பல்லாண்டு உழைத்த அலுவலக நிழற்பிரதி இயந்திரமொன்று, காலையில் ஆளியை அழுத்தியும் இயங்க மறுக்குமாயின் நாம் செய்வது யாது? ஆளியை மாற்றி மாற்றி அழுத்துகின்றோம், பக்கங்களிலே தட்டுகின்றோம், ஈற்றில் முதுமையைக் காரணங்காட்டிக் கைவிடுகின்றோம். அம்மறுப்புப் பெரும்பாலும் இயந்திரம் தன்னையும் நம்மையும் காத்தற்பொருட்டுச் செய்வதென உணர்ந்தால், பழுதை நாடும் முறை எளிதிற் புலனாகும்.

இவ்வகைப் பிரதியின் முதற்படி 1938 ஆம் ஆண்டு ஒக்டோபர் 22 ஆம் நாள், நியூயோர்க் நகரின் அஸ்ரோரியாப் பகுதியிலே, செஸ்ரர் கார்ல்சன் என்பாரால் எடுக்கப்பட்டது. கந்தகம் பூசிய நாகத்தகட்டைத் துணியால் உரசி மின்னேற்றி, எழுத்தின் நிழலை அதன்மீது வீழ்த்தி, நுண்ணிய தூளைத் தூவி, மெழுகுத்தாளில் ஒற்றி, வெப்பத்தால் நிலைபெறச் செய்தனர். 1959 இல் செரொக்ஸ் 914 வெளிவந்தபின் இம்முறை அலுவலகங்களிற் பரவிற்று. மின்னேற்றம், ஒளி, மைத்தூள், வெப்பம் என்னும் நான்குமே இன்றும் பெரும்பாலான இயந்திரங்களுக்கு அடிப்படையாம்.

ஆளியை அழுத்தியதும் உள்ளே நிகழ்வனவற்றுக்கு ஓர் ஒழுங்குண்டு. முதலில் 230 உவோற்று மின் தாழ்ந்த அழுத்தமாக மாற்றப்படும். பின்னர் கதவுகள் மூடியுள்ளனவா, தாள் சிக்கியுள்ளதா எனச் சோதிக்கப்படும். விளக்கைத் தாங்கும் வண்டி தன் தொடக்க இடத்தை அடையும். சூடாக்கும் உருளை வெப்பமேறும். நாமும் இவ்வொழுங்கிலேயே ஆராய்தல் வேண்டும்.

முகப்பில் ஒளியே தோன்றாவிடின், வேறொரு விளக்கைக் குதையிற் செருகி மின் வருகின்றதா எனப் பார்க்க. சதுரமுனைச் செருகியாயின், அதனுள்ளிருக்கும் சிறிய உருகி எரிந்திருத்தல் கூடும். மின் வந்தும் ஒளியில்லையெனின், மின்மாற்றும் பகுதியிற் பழுதிருக்கலாம். அஃது அணைத்த பின்னரும் மின்னைத் தேக்கி வைத்திருக்குமாதலின், பயிற்சியில்லாதார் திறத்தல் ஆகாது.

முகப்பு ஒளிர்ந்தும் இயக்கம் தொடங்காவிடின் கதவுகளை நோக்குக. கதவு மூடுங்கால் சிறு ஆளியொன்றை அழுத்தும் பிளாத்திக்கு நாக்கு, நெடுங்காலப் பாவனையால் ஒடிந்திருக்கலாம். விரலளவு தாட்டுண்டொன்று உணரியை மறைத்தாலும், இயந்திரம் தாள் சிக்கியதாகவே கொள்ளும். இடம்பெயர்த்த இயந்திரமாயின், வண்டியைப் பூட்டிய திருகு கழற்றப்பட்டதா என்பதும் பார்க்கற்பாலது.

வெப்பப் பகுதியே மிகுந்த கவனத்துக்குரியது. பல இயந்திரங்களில் அவ்வுருளை ஏறத்தாழ 180 பாகை செல்சியசு வரை சூடேறும். குறித்த நேரத்தில் அவ்வெப்பம் எய்தாவிடின், இயந்திரம் பழுதுக்குறியீட்டைக் காட்டி நின்றுவிடும். விளக்கு எரிந்துபோதல், வெப்பவுருகி அறுதல், வெப்பமறியும் உணரியில் மைத்தூள் படிதல் ஆகியன காரணமாகலாம். பல இயந்திரங்களில் இக்குறியீடு ஆளியை அணைப்பதால் நீங்குவதில்லை. காரணம் அறியப்படுமுன் மீளச் சூடேற்றலாகாது என்பதே கருத்து. படிந்த உணரி உள்ள வெப்பத்தைக் குறைத்துக் காட்டினால் உருளை அளவின்றிக் கொதிக்கும். அந்நிலையில் வெப்பவுருகியை விலக்கிக் கம்பியால் இணைப்பவர், தீயைத் தடுக்கும் கடைசிக் காவலையே அகற்றுகின்றார்.

ஈரப்பதனும் ஒரு பகை. குளிரூட்டிய அறையிலே கண்ணாடிகளிலும் உருளையிலும் பனி படியலாம். இதனைத் தடுக்கப் பல இயந்திரங்களிற் சிறு சூடாக்கியுண்டு. செருகி குதையிலிருந்தால் மாத்திரமே அது தொழிற்படும். இரவுதோறும் செருகியைப் பிடுங்கும் அலுவலகங்களில் காலைப் பிரதிகள் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிந்திய மைத்தூளை வெந்நீராற் கழுவுதல் தவறு. அஃது உருகி ஒட்டும். உலர்ந்த துணியே தக்கது.

ஒருகால் ஒன்றையே மாற்றுக. மாற்றியதையும் விளைந்ததையும், குறியீட்டையும் நாளையும், ஒரு கொப்பியிற் குறித்து வைக்குக. இரண்டை ஒருங்கே மாற்றியவர், பழுது நீங்கினும் காரணம் அறியார். நாம் ஆய்வுகூடத்திற் பயிலும் முறை இதுவே. திருத்துநர் வருங்கால் அக்கொப்பி அவர்தம் பாதி வேலையைக் குறைக்கும். பழைய இயந்திரமும் இன்னும் சில ஆண்டு தீங்கின்றி உழைக்கும்.