பெருநாள் செலவில் முந்தியது எது?

சங்கைமிக்க ரமளானின் முதல் பத்தில் பள்ளிவாசல்களில் ஸஃப்புகள் நிறைந்து வழிகின்றன. கடைசிப் பத்தில் அதே முகங்களைக் காண வேண்டுமென்றால் ஜவுளிக்கடைத் தெருவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. தராவீஹ் முடிந்ததும் புறப்படுகிற குடும்பங்கள் ஸஹர் நேரத்தை ஒட்டித்தான் வீடு திரும்புகின்றன. கடைசிப் பத்து வந்துவிட்டால் பெருமானார் (ஸல்) அவர்கள் இரவை வணக்கத்தில் கழிப்பார்கள், தம் குடும்பத்தாரையும் எழுப்பிவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸை ஆண்டுதோறும் பயான்களில் கேட்டு வருகிறோம். நம் குடும்பத்தாரும் அந்த இரவுகளில் விழித்துத்தான் இருக்கிறார்கள். எங்கே என்பதில்தான் வித்தியாசம்.

நேரம் போவது ஒரு புறம் இருக்கட்டும். பணம் போகும் விதத்தைப் பற்றியே இக்கட்டுரையில் நாம் பேச விரும்புகிறோம். பெருநாளுக்குச் செலவு செய்யலாமா, கூடாதா என்பது இங்கே கேள்வியே அல்ல. செய்யத்தான் வேண்டும். கையிலுள்ள பணத்தின் மீது யாருடைய உரிமை முந்தியது, யாருடையது பிந்தியது என்பதுதான் கேள்வி. இந்த வரிசை மாறிப்போவதால்தான் ஷவ்வால் பிறந்த இரண்டாம் வாரத்திலேயே பல வீடுகளில் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது.

உமர் (ரலி) கண்ட பட்டு அங்கி

பெருநாள் அலங்காரத்தைப் பற்றி ஸஹீஹுல் புகாரியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கடைவீதியில் பட்டு அங்கி ஒன்று விலைக்கு வந்திருப்பதை உமர் (ரலி) அவர்கள் கண்டார்கள். அதை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்து, பெருநாளிலும் தூதுக்குழுக்கள் வரும்போதும் அணிந்து கொள்வதற்காக இதை வாங்கிக் கொள்ளலாமே என்றார்கள். நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். மறுத்ததற்குக் காரணம் அது பட்டு என்பதே. ஆண்களுக்குப் பட்டு ஆகாது. பெருநாளுக்கு எதற்கு அலங்காரம் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆகவே அந்த நாளில் அழகாக உடுத்துவது அக்காலத்திலேயே அறியப்பட்ட வழக்கம் என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் இதிலிருந்து சட்டம் எடுக்கிறார்கள்.

இந்த ஹதீஸின் பிற்பகுதி பலருக்குத் தெரிவதில்லை. சில காலம் சென்று நபியவர்கள் உமர் (ரலி) அவர்களுக்கே ஒரு பட்டு அங்கியை அனுப்பி வைத்தார்கள். உமர் அவர்கள் திகைத்துப்போய் வந்து கேட்டபோது, அதை விற்று உம் தேவையை நிறைவேற்றிக் கொள்ளும் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். விலையுயர்ந்த துணியை விற்றுத் தேவைக்குச் செலவிட வழி காட்டினார்கள் பெருமானார். நாமோ தேவைக்கு வைத்திருந்ததை எடுத்து விலையுயர்ந்த துணியாக்குகிறோம்.

ஜும்ஆவுக்கு வெள்ளை உடை சிறந்தது. பெருநாளுக்கு, வெள்ளையாக இல்லாவிட்டாலும் தன்னிடமுள்ள உடைகளில் உயர்ந்ததை அணிவது சிறந்தது என்று ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. தன்னிடமுள்ளவற்றில் என்பதைக் கவனிக்க வேண்டும். புதிதாக வாங்கியே தீர வேண்டும் என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. சென்ற ஆண்டின் நல்ல சட்டை துவைத்துப் பெட்டி போட்டு வைக்கப்பட்டிருந்தால் அதை அணிந்து தொழப் போகிறவருக்கும் ஸுன்னத்தின் நன்மை உண்டு.

இதைக் கேட்டு யாரும் வீட்டில் கடுமை காட்டத் தொடங்கிவிட வேண்டாம். பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமிகள் பாடிக்கொண்டிருந்ததை அபூபக்கர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது, ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம் பெருநாள் என்று கூறி நபியவர்கள் அச்சிறுமிகளின் பக்கம் நின்றார்கள். கையில் இருந்தும் பிள்ளைக்கு ஒரு சட்டை எடுத்துத் தராமல், சிக்கனம் பற்றி அதற்கு உபதேசம் செய்கிற வாப்பாவை நாம் ஆதரிக்கவில்லை. கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முற்றாக விரித்துவிடவும் வேண்டாம் என்பது பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 29-ஆம் வசனத்தில் வரும் கட்டளை. இரண்டு பக்கமும் தடை இருக்கிறது.

வசதிக்குத் தக்க அளவு

குடும்பத்தாருக்குச் செலவு செய்வதிலேயே மார்க்கம் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. மனைவிக்குக் கொடுக்க வேண்டிய அன்றாட உணவின் அளவை ஷாஃபிஈ இமாம்கள் வகுத்தபோது வசதியுள்ளவருக்கு 2 முத்து, நடுத்தரமானவருக்கு 1½ முத்து, வறியவருக்கு 1 முத்து என்று மூன்று படிகளாக வைத்தார்கள். (முத்து என்பது ஒரு ஸாஉவின் நான்கில் ஒரு பங்கான முகத்தலளவு.) வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் உள்ளவர் அல்லாஹ் தமக்குத் தந்ததிலிருந்தும் செலவு செய்யட்டும் என்னும் ஸூரா தலாக்கின் 7-ஆம் வசனமே இதற்கு அடிப்படை. உடையைப் பொறுத்தவரை, குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு முறை, கோடைத் தொடக்கத்தில் ஒரு முறை என ஆண்டுக்கு இருமுறை கொடுப்பது கணவன் மீது கடமை என்கிறார்கள். அதுவும் அவரவர் நிலைக்கேற்பவே.

அன்றாடம் உண்ணும் கடமையான உணவுக்கே வறியவருக்கு ஓர் அளவு, செல்வருக்கு ஓர் அளவு என்றிருக்க, பெருநாள் உடையில் மட்டும் அடுத்த வீட்டாரின் அளவு எப்படி நமக்கு அளவாக முடியும்? அடுத்த வீட்டில் மகன் துபாயில் இருக்கிறார். நம் வீட்டில் மகன் கல்லூரிக் கட்டணத்துக்குக் காத்திருக்கிறான். இரண்டு வீட்டுக்கும் ஒரே கடை, ஒரே துணி என்றால் அந்தத் துணிக்கான விலையை நம் வீட்டில் யாரோ ஒருவர் தம் உரிமையிலிருந்து கொடுக்கிறார் என்றே பொருள்.

கடன்காரரின் உரிமை

மூன்று தீனார் கடன் வைத்துவிட்டு இறந்த ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் தாமே ஜனாஸா தொழவைக்காமல் விலகிக்கொண்டதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழவைத்ததும் புகாரியில் பதிவாகியுள்ளன. நாம் அறிந்த செய்திதான். ஆனால் ஃபிக்ஹு நூல்கள் இதைவிடக் கூர்மையான ஒன்றைச் சொல்கின்றன. ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜ் நூலில் உபரி தர்மத்தைப் பற்றிப் பேசும்போது, தன் பராமரிப்பில் உள்ளோரின் செலவுக்குத் தேவையான பணத்தையும், வேறு வழியில் அடைபடும் என்று எதிர்பார்க்க முடியாத கடனுக்குத் தேவையான பணத்தையும் தர்மம் செய்துவிடுவது ஹராம் என்பதே மிகச் சரியான சொல் என்று தீர்ப்பளிக்கிறார்கள்.

வாசகர்கள் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். ஏழைக்குக் கொடுப்பது எவ்வளவு உயர்ந்த அமல்! கடன்காரரின் பணத்திலிருந்து அதைச் செய்யவே அனுமதி இல்லை. அப்படியானால் அதே பணத்தில் மூன்றாவது ஜோடி உடை எடுப்பதற்கு என்ன சட்டம் என்று எந்த ஆலிமிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. கைமாற்று வாங்கியவர், கடன் கொடுத்தவரின் கடை வாசலைத் தவிர்த்துச் சுற்று வழியில் ஈத்காவுக்குப் புதுச் சட்டையோடு போவதை ஊர்தோறும் பார்க்கலாம். போகும் பாதையை மாற்றி வேறு பாதையில் திரும்புவது ஸுன்னத்துதான். இவர் மாற்றுவதற்குக் காரணம் வேறு.

பெருநாளுக்கென்றே புதிதாகக் கடன் வாங்குவதும் இதில் சேரும். திருப்பிக் கொடுக்க வழி தெரியாத நிலையில், நிர்ப்பந்தமும் இல்லாமல், தன் நிலைமையைக் கொடுப்பவரிடம் மறைத்துக் கடன் பெறுவது கூடாது என்று ஷாஃபிஈ ஃபகீஹுகள் எழுதியிருக்கிறார்கள். பட்டுச் சேலை நிர்ப்பந்தம் ஆகாது. பல ஊர்களில் பைத்துல்மால்கள் வட்டியில்லா நகைக்கடன் தந்து வருவது பெரும் பாக்கியம். அந்த நிதி மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டியது. ரமளான் இருபதில் ஜவுளிக்காக அதன் முன் வரிசையில் நிற்பது, ஷவ்வாலில் நோயாளியோடு வரப்போகிறவரின் இடத்தைப் பிடித்துக்கொள்வதாகும்.

தவணை முறையைப் பற்றியும் கேட்கிறார்கள். ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருந்தாலும், ஒப்பந்த வேளையிலேயே விலை இதுதான் என்று முடிவாகிவிட்டால், கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான அந்த வியாபாரம் கூடும் என்பதே பெரும்பான்மை இமாம்களின் கருத்து. இன்று நடப்பது பெரும்பாலும் அதுவல்ல. கடைக்காரர் முழுப் பணத்தையும் வங்கியிடமோ நிதி நிறுவனத்திடமோ அன்றே பெற்றுக்கொள்கிறார். நாம் கடன்பட்டது அந்த நிறுவனத்துக்கு. அது மேல்பணம் வாங்குகிறது. ஒரு தவணை தவறினால் அபராத வட்டியும் ஏறுகிறது. வட்டியே இல்லை என்று விளம்பரப் பலகை சொல்கிறதே என்பார்கள். இத்தகைய பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டி பெரும்பாலும் கட்டணம் என்ற பெயரில் மறைந்திருக்கிறது என்று 2013-இல் இந்திய ரிசர்வ் வங்கியே சுட்டிக்காட்டி, வங்கிகளைத் தடுத்தது. மார்க்க அறிஞர்கள் அல்ல, வட்டியிலேயே இயங்கும் துறையின் தலைமை சொன்ன சொல் இது. கைப்பேசியில் ஒரு விரல் தொட்டால் கடன் கிடைக்கும் காலத்தில், நோன்பு வைத்த விரல் எதைத் தொடுகிறது என்பதில் பேணுதல் வேண்டும்.

தலைப்பெருநாள் வரிசை

எல்லாவற்றிலும் கொடியது என்று நாம் கருதுவது இதுதான். மணமாகி முதல் பெருநாள் வருகிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கும் மாமியாருக்கும் நாத்தனார் பிள்ளைகளுக்கும் துணி, பலகாரம், சில இடங்களில் மோதிரம் என்று அனுப்ப வேண்டும். ‘நாங்கள் எதுவும் கேட்கவில்லை’ என்று சம்பந்தி வீட்டார் சொல்வார்கள். கேட்க வேண்டிய அவசியம் இல்லாதபடி வழக்கமே கேட்டுவிடுகிறது. வராவிட்டால் அந்தப் பெண் என்ன பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும் என்பது அவளுடைய உம்மாவுக்குத் தெரியும். திருமணக் கடனே தீராத அந்த வாப்பா, மகளின் முகத்துக்காக மறுபடியும் வட்டிக்கு வாங்குகிறார்.

இது அன்பளிப்பா என்று பார்க்க வேண்டும். ஹத்யா என்பது மனம் உவந்து கொடுப்பது. சபையில் வெட்கத்துக்கு அஞ்சி, உள்மனம் இசையாமல் ஒருவர் கொடுப்பதைத் தெரிந்தே பெற்றுக்கொள்வது, பறித்துக்கொள்வதன் சட்டத்தில் சேரும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்றோர் விளக்கியிருக்கிறார்கள். நோன்பு முழுவதும் ஹலாலான கஞ்சியைக் குடித்துவிட்டு, பெருநாளன்று இப்படி வந்த சட்டையோடு மாப்பிள்ளை முதல் ஸஃப்பில் நிற்கிறார். மணமகனே, நீர்தான் இதைத் தடுக்க முடியும். பெண் வீட்டார் தாமாக நிறுத்த முடியாது. அவர்கள் நிறுத்தினால் அது குறையாகப் பேசப்படும். நீர் ஷஅபானிலேயே மாமனாரிடம் சென்று, ஒன்றும் அனுப்ப வேண்டாம் மாமா, பெருநாளன்று நாங்கள் இருவரும் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறோம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதை உம் தாயார் முன்னிலையில் சொல்வது இன்னும் நல்லது.

கணக்குத் தாள்

ஷஅபான் கடைசி வாரத்தில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். மனைவியை விட்டுவிட்டு எழுதும் கணக்கு நிலைக்காது. முதலில் கெடு வந்த கடன்கள், வீட்டு வாடகை, வேலையாட்களின் கூலி. பிறகு ஜகாத் கடமையானவர் நாற்பதில் ஒரு பங்கைப் பிரித்து வைத்துவிட வேண்டும். அது நம் பணமே அல்ல. அடுத்து ஃபித்ரா. பெற்றோருக்கும் ஏழை உறவினருக்கும் கொடுப்பது அதன் பின். எஞ்சியதில்தான் உடையும் பலகாரமும் பிள்ளைகளின் பெருநாள் காசும். எஞ்சியது சிறிதாயிருந்தால் உடையும் சிறிதாயிருக்கும், அவ்வளவே. அந்தத் தொகையை ரொக்கமாக எடுத்துக்கொண்டு, ரமளான் முதல் பத்திலேயே பகலில் சென்று வாங்கி வந்துவிட்டால் கடைசிப் பத்து இரவுகளும் மிஞ்சும்.

ஃபித்ராவில் ஒரு தவறான பேச்சு உண்டு. துணி எடுத்ததில் கை காலியாகிவிட்டது, நமக்கு ஃபித்ரா கடமையில்லை என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் தமக்கும் தம் பொறுப்பில் உள்ளோருக்கும் வேண்டிய உணவு, தகுதியான உடை, இருப்பிடம் போக மீதியிருந்தாலே ஃபித்ரா கடமையாகிவிடுகிறது. தகுதியான உடை என்பது தேவைக்கான உடை. ஹனஃபி மத்ஹபில் அத்தியாவசியத் தேவை போக நிஸாபு அளவு உள்ளவர் மீது கடமை. ஆளுக்கு ஒரு ஸாஉ, அதாவது ஏறத்தாழ 2½ கிலோ அரிசி; பேணுதலுக்காகச் சற்றுக் கூட்டிக் கொடுக்கலாம். ஐந்து பேருள்ள வீட்டுக்கு ஒரு சிறு மூட்டை. ரமளான் முதல் நாளிலிருந்தே கொடுக்க அனுமதி இருக்கிறது. முன்கூட்டிக் கொடுத்தால் பெறுகிறவரும் தம் பெருநாளைத் திட்டமிட முடியும்.

தையற்காரரின் கூலியை மறந்துவிடக் கூடாது. பெருநாளுக்கு முந்திய இரவுகளில் உறங்காமல் தைத்துத் தருகிறவருக்கு, சட்டையை வாங்கும்போது பாதி, மீதி பிறகு என்று சொல்லிவிட்டு துல்கஃதாவரை இழுத்தடிப்போர் இருக்கிறார்கள். வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அவர் வீட்டிலும் அன்றுதான் பெருநாள்.

கடைசியாக, ஜகாத் சேலை பற்றி. இதற்கென்றே மலிவு ரகம் கடைகளில் கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது. தம் வீட்டுப் பெண்கள் கையால் தொடாத ரகத்தை நூறு, இருநூறு என்று வாங்கி, வாசலில் வரிசை நிற்க வைத்துக் கொடுக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டாலன்றி நீங்களே வாங்கிக்கொள்ளாத மட்டமான பொருளைக் கொடுக்க நாடாதீர்கள் என்ற கருத்து அல்பகரா அத்தியாயம் 267-ஆம் வசனத்தில் தெளிவாக வருகிறது. மேலும் ஷாஃபிஈ மத்ஹபின்படி பணத்தின் ஜகாத்தையும் வியாபாரப் பொருளின் ஜகாத்தையும் பணமாகவே கொடுக்க வேண்டும். சேலையாகக் கொடுத்தால் நிறைவேறாது. ஹனஃபி மத்ஹபில் மதிப்புக்குப் பொருள் கொடுக்கலாம் என்றாலும், அந்த விதவைப் பெண்ணுக்கு இன்று தேவை நான்காவது சேலையா, மகனின் மருந்துச் சீட்டுக்குப் பணமா என்பது கொடுப்பவருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். பணத்தை உறையிலிட்டு, இருட்டிய பிறகு அவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.