நான்கு உள்ளங்கை அளவு நிலம்

ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத் செல்லும் மலைப்பாதை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஒருபுறம் செங்குத்தான மலை. மறுபுறம் ஆழத்தில் கங்கை, தேவப்பிரயாகையைக் கடந்தால் அலகநந்தா. அப்பாதையில் காரில் யாத்திரை புறப்படவிருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ‘ஐயா, ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுக்கிறது’ என்கிறார் ஓட்டுநர். ‘வண்டி ஓடத்தானே செய்கிறது? திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார் உரிமையாளர்.

இந்தப் பதிலில் எத்தனை உயிர்களின் பாதுகாப்பு அடங்கியுள்ளது என்பதை உணர, வண்டி சாலையை எவ்வாறு பற்றி ஓடுகிறது என்பதை அறிய வேண்டும்.

ஓடும் காரின் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. வண்டி வளைவில் திரும்புவதும், பிரேக் பிடித்ததும் நிற்பதும் இந்த நான்கு இடங்களில் எழும் உராய்வினால்தான். இவை தரையை விட்டு அகலாமலும் திசை பிறழாமலும் காப்பதே சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், வீல் அலைன்மென்ட் ஆகிய மூன்றின் பணி.

முதலில் சஸ்பென்ஷன். 2014 வரை நம் நாட்டில் தயாரான அம்பாசிடர் காரின் பின்புறத்தில் பட்டை வில்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். இன்றைய கார்களில் பெரும்பாலும் சுருள் வில்கள் உள்ளன. சக்கரம் கல்லின் மீது ஏறும்போது வில் சுருங்கி அந்த அதிர்ச்சியை ஏற்கிறது. ஆனால் சுருங்கிய வில் மீண்டும் மீண்டும் எழும்பித் தாழும் இயல்புடையது. அதை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதனுள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிச் செலுத்தப்படுவதால், துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறித் தணிகிறது. இது பயணிகளின் சுகத்திற்காக மட்டும் அமைந்தது என்று எண்ணுவது தவறு. சக்கரம் துள்ளும் கணத்தில் தரையின் மீதுள்ள பிடி தளர்கிறது. பிடி தளர்ந்த சக்கரத்தில் பிரேக் இருந்தும் பயன் குறைவே.

அடுத்தது ஸ்டீயரிங். பெரும்பாலான கார்களில், நாம் வளையத்தைச் சுழற்றும்போது ஒரு சிறு பற்சக்கரம் பற்கள் கொண்ட நீண்ட தண்டைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. அத்தண்டு இணைப்புக் கம்பிகள் வழியாக முன்சக்கரங்களைத் திருப்புகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. வளைவில் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. எனவே உட்புறச் சக்கரம் சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும். இல்லையேல் டயர் உருளாமல் தேயும். குதிரை வண்டிகளின் காலத்திலேயே இதற்கு வழி கண்டவர் ஜெர்மானியரான லாங்கன்ஸ்பெர்கர். அவர் சார்பில் 1818-இல் லண்டனில் காப்புரிமை பெற்றவர் ஆக்கர்மன். அமைப்பு இன்றும் ஆக்கர்மன் பெயராலேயே வழங்குகிறது.

மூன்றாவது வீல் அலைன்மென்ட். இதில் மூன்று கோணங்கள் முக்கியம். மேலிருந்து பார்க்கையில் இரு சக்கரங்களின் முன்பகுதிகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது ‘டோ’. முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் தலைப்பகுதி சாய்ந்திருப்பது ‘கேம்பர்’. சக்கரம் திரும்பும் அச்சு, பக்கவாட்டில் பார்க்கையில் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது ‘காஸ்டர்’. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள், அதுவே இது. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்ப இச்சாய்வு உதவுகிறது.

கோணம் பிறழ்ந்தால் டயரே அதைச் சொல்லிவிடும். டோ பிழையானால் டயரின் பரப்பு ரம்பப் பல் போலத் தேயும். கேம்பர் பிழையானால் ஒரு விளிம்பு மட்டும் தேயும். ஷாக் அப்சார்பர் தளர்ந்தால் ஆங்காங்கே குழிகள் தோன்றும். இரு விளிம்புகளும் ஒருசேரத் தேய்ந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகை.

வண்டி ஒருபக்கம் இழுப்பதற்கு அலைன்மென்ட் மட்டுமே காரணம் அன்று. மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரம் நோக்கிச் சரிந்திருப்பதால், இடப்புறம் செல்லும் நம் வண்டிகள் சிறிதளவு இடப்பக்கம் நகர்வது இயல்பே. அதற்கு மேல் இழுத்தால் முதலில் நான்கு டயர்களிலும் காற்றழுத்தம் பார்க்க வேண்டும். பின்னர் ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடிக்கிறதா, பால் ஜாயின்ட், டை ராட் முனைகள், பேரிங் ஆகியவை தளர்ந்துள்ளனவா என்று சோதிக்க வேண்டும். அதன் பிறகே அலைன்மென்ட். தளர்ந்த உறுப்புகளை வைத்துக்கொண்டு கோணத்தைத் திருத்துவது, ஆடும் தூணில் தூக்குக்குண்டு பிடிப்பது போன்றது. பெரிய பள்ளத்தில் சக்கரம் மோதினாலும், சஸ்பென்ஷன் உறுப்புகளை மாற்றினாலும் அலைன்மென்ட்டை மீண்டும் பார்ப்பது அவசியம்.

ஓட்டுநர் சொன்ன குறையைக் கேட்டு, ஒரு நாள் பயணத்தைத் தள்ளிவைப்பதால் யாத்திரையின் பலன் குறைந்துவிடாது. அடுத்த முறை புறப்படுமுன், நிற்கும் வண்டியின் ஒவ்வொரு டயரையும் உற்றுப் பாருங்கள்; ஆறிய டயரின் மீது மெதுவாக உள்ளங்கையை வைத்துத் தடவியும் பாருங்கள். உங்கள் குடும்பம் முழுவதும் நம்பிச் செல்வது அந்த அளவு நிலத்தைத்தான்.