விதை நிதியா, இணைநிதியா, பங்கு முதலீடா? செயற்கைக்கோள் தரவுத் தொழிலுக்கு எந்தப் பணம் பொருந்தும்

செயற்கைக்கோள் படத்துக்கு இப்போது பெரிய செலவில்லை. ஐரோப்பாவின் சென்டினல் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இந்திய விண்வெளிக் கொள்கை 2023-ன்படி, 5 மீட்டரும் அதைவிடக் குறைந்த நுணுக்கமும் கொண்ட நம் நாட்டுத் தரவும் இலவசமே. செலவு அதன் பிறகுதான் தொடங்குகிறது.

காவிரி டெல்டாவில் சம்பா மகசூலைக் கணித்துச் சொல்லும் சேவையை எடுத்துக்கொள்வோம். பயிர் வளரும் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மேகம் வயலை மூடிக்கிடக்கும்; மேகத்தை ஊடுருவும் ரேடார் தரவு வேண்டும். கணிப்பு சரிதானா என்று பார்க்க, வயலில் ஒரு துண்டு நிலத்தை அளந்து அறுத்து, கதிரடித்து, நெல்லை எடை போட வேண்டும். இதைப் பல கிராமங்களில், பல பருவங்கள் செய்தால்தான் காப்பீட்டு நிறுவனம் நம்பும். சந்தை இல்லாமல் இல்லை: பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2023 கரீஃப் முதல் நெல், கோதுமை மகசூல் மதிப்பீட்டில் தொலையுணர்வுக் கணிப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் காப்பீட்டு நிறுவனம் நம்பும்வரை தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டும். மூன்று வழிகள் இருக்கின்றன.

விதை நிதி

தமிழ்நாடு அரசின் டான்சீட் திட்டம் 10 லட்சம் ரூபாய் தருகிறது. பெண்கள் நடத்தும் நிறுவனங்கள், பசுமைத் தொழில்நுட்பம், ஊரகத் தாக்கம் கொண்டவை ஆகியவற்றுக்கு 15 லட்சம். ஒன்றிய அரசின் இன்-ஸ்பேஸ் அமைப்பு அவ்வப்போது ஒரு துறையைச் சொல்லி விண்ணப்பம் கேட்டு, 1 கோடி வரை விதை நிதி தருகிறது. யோசனை வேலை செய்யுமா என்று ஒரு வட்டாரத்தில் சோதித்துப் பார்க்க இது போதும். மாநிலம் முழுக்க விரிக்கப் போதாது.

இணைநிதி

இன்-ஸ்பேஸின் தொழில்நுட்ப ஏற்பு நிதி 500 கோடி ரூபாயுடன் 2025-ல் தொடங்கியது. தொடக்க நிலையில் உள்ள தொழில்நுட்பத்தை விற்பனைக்குரிய பொருளாக்குவதே இதன் நோக்கம். ஸ்டார்ட்அப்களுக்கும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் திட்டச் செலவில் 60 சதவீதம் வரை, பெரிய நிறுவனங்களுக்கு 40 சதவீதம் வரை கிடைக்கும். ஒரு திட்டத்துக்கு உச்சவரம்பு 25 கோடி.

இங்கே 60 சதவீதத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. மீதி 40 சதவீதத்தைக் கணக்குப் போட வேண்டும். 5 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 3 கோடி வந்தாலும் 2 கோடி உங்கள் கைக்காசு. தவணை வரும்வரை சம்பளம், கணினி வாடகை எல்லாம் உங்கள் கணக்கிலிருந்தே போகும். உங்கள் ஊழியர் சம்பளத்தை உங்கள் பங்காகக் காட்டலாமா, முதல் தவணை எப்போது வரும் என்பதையெல்லாம் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஒரே செலவை இரண்டு அரசு நிதிகளிலும் காட்டும் எண்ணமே வேண்டாம். இருக்கிற மென்பொருளை இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோவதை மட்டும் தொழில்நுட்ப மேம்பாடு என்று எழுதினால் எடுபடாது.

பங்கு முதலீடு

2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை விண்வெளித் துறைக்கு 1,000 கோடி ரூபாய் துணிகர மூலதன நிதிக்கு ஒப்புதல் தந்தது. ஒரு நிறுவனத்தில் 10 முதல் 60 கோடி வரை முதலீடு என்பது திட்டம். இது மானியமல்ல, பணத்துக்குப் பதில் நிறுவனத்தில் பங்கு போகும். ஐஐடி மெட்ராஸில் பிறந்த கேலக்ஸ்ஐ போலச் சொந்தச் செயற்கைக்கோள் செய்பவர்களுக்கு இந்த அளவுப் பணம் தேவை. இலவசத் தரவை வைத்துச் சேவை தரும் பத்துப் பேர் நிறுவனத்துக்கு இது அளவுக்கு மிஞ்சிய சட்டை. முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வளர்ச்சி இலக்கு கழுத்தை நெரிக்கும்.

எதை எடுப்பது?

கணிப்பே இன்னும் நிரூபணமாகவில்லை என்றால் விதை நிதி. நிரூபித்துவிட்டீர்கள், ஒரு வாடிக்கையாளராவது காசு கொடுத்து வாங்குகிறார், உங்கள் பங்குக்கான பணமும் கையில் இருக்கிறது என்றால் இணைநிதி. வன்பொருள் செய்ய வேண்டும், முதலீட்டாளர்களோடு சேர்ந்து முடிவெடுக்கத் தயார் என்றால் பங்கு முதலீடு.

வாடிக்கையாளர் அரசுத் துறை என்றால் பில் பாஸாகிப் பணம் வரும் காலத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அந்த இடைவெளியைத் தாங்க வழியில்லாதவர், இணைநிதி கிடைத்தாலும் இந்த ஆண்டு வாங்காமல் இருப்பதே நல்லது.